கதவில் ஒட்டிய அம்பு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருபத்தாறு வருடம் நின்றவளுக்கு வாய் நீளாமல் என்ன செய்யும்? குறையை மட்டுமே தேடுகிற வேலை அது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் என் கண் மாப்பிள்ளையின் முகத்துக்குப் போகாது, அவன் சட்டையின் தோள் தையல் இறங்கியிருக்கிறதா என்றுதான் பார்க்கும். அப்படிப்பட்டவள் நான் செய்த ஒரு காரியத்தின் குறை, எல்லாம் கைமீறிப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

நானும் திருப்பூருக்கு வந்து ஏறியவள்தான். கோவில்பட்டிக்குத் தெற்கே வானம் பார்த்த கரிசல் ஊர் எனக்கு. கல்யாணமான மறுமாதமே ஒரு டிரங்குப் பெட்டியோடு இருவரும் ரயில் இறங்கினோம். வேலை அன்று மாலையே கிடைத்துவிட்டது. வீடு கிடைக்க மூன்று வாரம் ஆனது. வேலம்பாளையத்தில் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கிய இடமெல்லாம் ஏறி இறங்கினோம். இந்த ஊர்க்காரர்கள் ஒருவர்கூட முகத்தில் அடித்த மாதிரி பேசவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். "எந்த ஊருங்க?" என்பார்கள். சொல்வோம். "அங்க எந்தப் பக்கமுங்க?" அதையும் சொல்வோம். "கோயிலுக்கு எங்கீங்க போவீங்க?" நான் சர்ச்சுக்கு என்பேன். "அப்பிடீங்களா. தண்ணி குடிக்கறீங்களா? ஊடு நேத்துத்தானுங்க பேசி முடிச்சோம்." செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்து, கேட் வரைக்கும் வந்து வழியனுப்புவார்கள். அட்டை மட்டும் அதே ஆணியில் ஆடிக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் வீடு கொடுத்தவர் என் முதலாளிதான். பரம்பரைத் தோட்டத்தில் பாதியை அழித்து ஷெட் போட்டவர். கம்பெனிக்குப் பின்னால் இரண்டு வரிசையாக அறைகள் கட்டி, காம்பவுண்ட் என்று பெயர் வைத்திருந்தார். ஆள் இல்லாமல் மிஷின் ஓடாது, தங்க இடம் இல்லாமல் ஆள் நிற்காது என்பது அவர் கணக்கு. அதில் பாசம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் எங்களிடம் எந்தக் கோயில் என்று கேட்கவில்லை. இந்த ஊர் பெருத்ததே இப்படித்தான். ஊர்க்காரர்களிடம் நிலம் இருந்தது, கை இல்லை. எங்களிடம் கை இருந்தது, மழை இல்லை. ஒருவரை ஒருவர் பிடிக்காமலேயே பக்கத்தில் உட்காரப் பழகினோம், கப்பல் கப்பலாகப் பனியன் போனது. பிறகு எங்கள் பிள்ளைகள் காலேஜுக்குப் போய், மிஷினில் உட்கார மாட்டோம் என்றார்கள். அந்த ஸ்டூல்களில் வடக்கிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அதற்குள் நான் ஊர்க்காரி ஆகிவிட்டிருந்தேன். புதிதாக வருகிறவர்களை மேலும் கீழும் பார்த்து, எந்த ஊர் என்று நானும் கேட்டேன்.

அவள் ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். புருஷன் அயர்ன் டேபிளில், அவள் ஓவர்லாக் தையல் மிஷினில், மகள் மாநகராட்சிப் பள்ளியில். என் அறைக்கு அடுத்த அறை அவர்களுடையது. முதல் மாதம் அந்தக் கடுகெண்ணெய் வாடைக்கு நான் போடாத சண்டையில்லை. ஜன்னலை அறைந்து சாத்துவேன், சாத்தியதை அவள் பார்க்கட்டும் என்று மறுபடி திறந்து சாத்துவேன். அவள் ஒருநாள் பாகற்காய் வறுவலை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து என் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். கோபத்தோடுதான் தின்றேன். அடுத்த வாரம் கிண்ணத்தை நானே கொண்டுபோய் நீட்டினேன். அப்படித் தொடங்கியது. அவள் என்னைத் 'தீதி' என்றாள், அக்கா என்று அர்த்தமாம். அவள் மகள் என்னை 'அத்தை' என்றாள்.

தையலில் அவள் செய்தது கழுத்து. டி-சர்ட்டில் கழுத்தைச் சுற்றி வரும் ரிப் பட்டியை இழுவை பிசகாமல் பிடித்துத் தைக்க வேண்டும். கொஞ்சம் இழுத்தால் சுருங்கும், விட்டால் வாயைப் பிளக்கும். கழுத்து போனால் பீஸ் போச்சு. அவள் தைத்தது என் டேபிளுக்கு வந்தால் நான் பாதி பார்வையிலேயே தள்ளிவிடுவேன், அவ்வளவு நம்பிக்கை. வேலையைவிட முக்கியம் இன்னொன்று. கம்பெனியில் இருந்த வடக்கத்தியர்களில் பாதிக்கு மேல் அவள் ஊர், அவள் உறவு. அவள் பேச்சைத்தான் கேட்பார்கள். அவள் சிரித்தால் தையல் லைன் முழுக்கக் கலகலப்பாக இருக்கும், அவள் முகம் வாடினால் எல்லோரும் ஊமை.

தீபாவளி கழிந்த ஆறாம் நாள் அவர்களுக்குச் சூரியனைக் கும்பிடும் பண்டிகை. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கும்பிட வேண்டுமாம். நொய்யலில் யார் இறங்குவது? சாயம் தின்ற ஆறு அது. மொட்டை மாடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, தண்ணீர் நிரப்பி, அதில் நின்று, மேற்கே மறைகிற சூரியனைப் பார்த்துக் கும்பிட்டாள். அவள் மகள் கரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் பக்கத்தில் நின்றேன். கீழே காம்பவுண்டில் யாரோ, "குடிக்கத் தண்ணியக் காணோம், இவுகளுக்குக் குளிக்கத் தொட்டி கேக்குது" என்று சத்தமாகச் சொன்னார்கள். என் ஊர்ப் பக்கத்துப் பேச்சு. எனக்குக் கேட்டது. அவளுக்கும் தமிழ் ஓரளவு புரியும். இருவரும் கேட்காத மாதிரி இருந்தோம்.

அந்தச் சத்தத்தை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும். அதற்கப்புறம் அது கூடிக்கொண்டே போனது. முதலில் டீக்கடையில். அவர்கள் வந்து நின்றால் பேச்சு நின்றுவிடும், போனதும் தொடங்கும். மளிகைக் கடைக்காரர் வாசலில் இந்தியில் எழுதி ஒட்டியிருந்த காகிதத்தை ஒருநாள் கிழித்தார். கேட்டதற்கு, "பசங்க வந்து சத்தம் போடறாங்க, எதுக்குங்க வம்பு?" என்றார். டவுன் பஸ்ஸில் இடம் இருந்தும் அவர்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டைக்குப் போய்ப் பிள்ளைக்கு உடுப்பு எடுத்து வருவது அவளுக்குப் பெரிய சந்தோஷம். அந்த மாதம் அவள் போகவில்லை. தலைவலி என்றாள். அடுத்த ஞாயிறும் தலைவலி என்றாள்.

பிறகு போனில் வந்தது அந்த வீடியோ. ஒரு தெரு, ஓடும் ஆட்கள், கம்பு, ரத்தம். எந்த ஊர், எந்த வருடம், யார் யாரை அடிக்கிறார்கள், எதுவும் தெரியாது. எங்களுக்கு வந்ததில் தமிழ்க்குரல், வடக்கத்தியர்கள் நம் ஆளை அடிக்கிறார்கள் என்றது. அவர்களுக்கு வந்ததில் இந்திக்குரல், தமிழர்கள் உங்களை வெட்டுகிறார்கள் என்றது. படம் ஒன்றுதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டையும் அடுத்தடுத்த போனில் வைத்துப் பார்த்தோம், அவளும் நானும். "ஜூட்டா ஹை, தீதி, பொய்" என்றாள் அவள். "பொய்தான்" என்றேன் நான். ஆனால் போனைத் திருப்பி வைத்த பிறகும் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. அவள் ஊரிலிருந்து மாமியார் ஒரு நாளைக்கு ஐந்து தடவை கூப்பிடத் தொடங்கினாள்.

அந்த வாரத்தில் லைன் மாறிவிட்டது. யாரும் பாட்டுப் போடவில்லை. ஊசி உடைந்தால்கூடத் திட்டாமல் எழுந்து போய் மாற்றிக்கொண்டார்கள். டீ டைமுக்கு மணி அடித்தால் தமிழ் பேசுகிறவர்கள் ஒரு பக்கம், இந்தி பேசுகிறவர்கள் ஒரு பக்கம். நடுவில் டீ டிரம் மட்டும் நின்றது. பக்கத்துக் கம்பெனியில் இரண்டு பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று ஒருவன் சொன்னான். ரயில்வே ஸ்டேஷனில் கூட்டமாம் என்றான் இன்னொருவன். உள்ளுக்குள் எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். இவள் போய்விடுவாளோ? இவள் போனால் கம்பெனி படுத்துவிடும், அது முதலாளி கவலை. எனக்கு இந்த ஊரில் சண்டை போட்டுச் சமாதானமான ஒரே ஆள் அவள். அவளை விட்டுவிடக் கூடாது என்று இருந்தது.

ஒருநாள் காலையில் முதலாளி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார், அது அபூர்வம்.

"ஏனுங்க அம்மிணி, நம்ம ஆளுங்க எந்தெந்தக் காம்பவுண்ட்ல, எந்தெந்த ரூம்ல இருக்கறாங்கன்னு ஒரு லிஸ்ட்டு வேணுமுங்க. வடக்கத்தி ஆளுங்க ரூம் மட்டும். போலீஸ் ஸ்டேஷன்ல கேட்டிருக்கறாங்க. அந்தப் பக்கம் அடிக்கடி ரோந்து வாராங்களாம், பயமில்லாம இருக்கட்டும்னு. அவங்கள்ள ஒருத்தரப் போகச் சொன்னா இன்னும் பயந்துக்குவாங்க. நீங்கன்னா எல்லாருக்கும் பழக்கம்."

"நான் பார்த்துக்கிடுதேன், சார்" என்றேன். மனசு லேசானது. இவர்களைக் காப்பாற்ற நாமும் ஏதோ செய்கிறோம் என்று ஒரு மிதப்பு வந்தது.

எங்கள் கம்பெனி ஆட்கள் இருந்தது, நான் இருந்ததையும் சேர்த்து நான்கு காம்பவுண்டுகளில். எல்லாக் கதவும் ஒரே பச்சை, ஒரே பூட்டு. எண் எழுதியிருந்தது பாதிக் கதவில்தான், மீதியில் மழையில் அழிந்துபோயிருந்தது. தமிழ்க் குடும்பங்களும் அவர்களும் மாறி மாறி இருந்தார்கள். எல்லோரும் கம்பெனியிலேயே உட்கார்ந்து சாப்பிடும் மதிய நேரத்தில் போனேன். கூட வந்த கம்பெனி வாட்ச்மேன் ஒவ்வொரு கதவாக, இது தமிழ், இது இந்தி என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டாவது வரிசைக்கு வந்ததும் முதல் வரிசை குழம்பிவிட்டது. என் ஓவர்கோட் பையில் அம்பு ஸ்டிக்கர் இருந்தது. செக்கிங்காரி பையில் அது இல்லாத நாளே கிடையாது. துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒட்டுகிற சின்னச் சிவப்பு அம்பு. கை தானாகப் பைக்குள் போனது. ஒவ்வொரு வடக்கத்திக் கதவிலும், தாழ்ப்பாளுக்கு மேலே, ஓர் அம்பு. ஒட்டி முடித்துவிட்டுத் திரும்பி வந்து, அம்புகளை எண்ணி, லிஸ்ட் எழுதினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. பிசகில்லாமல் முடித்த திருப்தியில் வாட்ச்மேனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அம்புகளை அப்போதே பிய்த்துவிட்டு வந்திருக்கலாம். அரைமணி நேர வேலை. லஞ்ச் நேரம் முடிந்துவிட்டது, சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓடி வந்துவிட்டேன். லிஸ்ட்டை முதலாளி டேபிளில் வைத்தேன். "ரொம்ப நன்றிங்க" என்றார். அன்று மாலை ஒரு சரக்கு லாட்டில் கறை வந்து, எல்லோரும் ஐந்தரைக்குப் போன பிறகும் நான் மட்டும் நின்று திருப்பிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

நான் காம்பவுண்டுக்குள் நுழைந்தபோது ஏழு மணி இருக்கும். வழக்கமாக அந்த நேரத்தில் குக்கர் சத்தமும் பிள்ளைகள் கத்தலும் காதைப் பிளக்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை. தமிழ்க் குடும்பங்கள் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. வடக்கத்தியர்களின் வாசல்களில் செருப்பு இல்லை, எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவைத்திருந்தார்கள். அவள் மட்டும் தன் கதவுக்கு வெளியே நின்றாள், மகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு. அவள் விரல் நுனியில் சிவப்பு அம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"தீதி, இது யார் ஒட்டினது?"

அந்த அம்பு அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்தது. அம்பு விழுந்த பீஸ் தனிக் கூடைக்குப் போகும். அங்கிருந்து அது திரும்பி வராது. பகலெல்லாம் அந்தக் கூடையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், வாசலுக்கு வந்து தங்கள் கதவில் மட்டும் அதைப் பார்த்திருக்கிறார்கள். நான்கு காம்பவுண்டிலும், ஒரு கதவு விடாமல். அதற்குள் ஒருவன் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். இதெல்லாம் ஒரே நொடியில் எனக்குப் புரிந்தது.

அந்த இடத்தில் நான், தப்பு நடந்துபோச்சு என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். மாட்டிக்கொண்டால் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

"நான்தான் ஒட்டினேன். அதுக்கு என்ன இப்போ? போலீஸ் பாதுகாப்புக்கு லிஸ்ட் எடுக்கச் சொன்னாவ, எடுத்தேன். ஒங்க நல்லதுக்குத்தானே செஞ்சேன்? ஒரு ஸ்டிக்கருக்குப் போய் இப்படிப் பயந்து சாவீகளா? பைத்தியமா ஒங்களுக்கு?"

காம்பவுண்ட் முழுக்கக் கேட்கக் கத்தினேன். ஜன்னல்களில் இருந்தவர்களுக்கு வடக்கத்தியர்களை நான் விரட்டுகிறேன் என்றுதான் பட்டிருக்கும். ஒரு பையன் அங்கிருந்தே "அப்படிக் கேளுங்கக்கா" என்றான். அவனைத் திரும்பி ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

அவள் என் கதவைப் பார்த்தாள். என் கதவுக்கும் அவள் கதவுக்கும் நடுவே ஒரு முழம் சுவர். அதே பச்சை, அதே தாழ்ப்பாள்.

"உங்க கதவுல ஏன் இல்ல?" என்றாள். தமிழில், ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகக் கேட்டாள்.

"எனக்கு எதுக்கு?" என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கே அது கேட்டது. அவள் தலையை ஆட்டினாள், புரிந்துவிட்டது என்கிற மாதிரி. மகளை உள்ளே தள்ளிவிட்டு, தானும் போய், கதவைத் தாழிட்டாள். நான் மற்ற மூன்று காம்பவுண்டுக்கும் ஓடினேன். அங்கே ஒரு கதவிலும் அம்பு இல்லை. எல்லாவற்றையும் யாரோ பிய்த்தெடுத்துவிட்டிருந்தார்கள். தட்டினேன், ஒருவரும் திறக்கவில்லை. உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு ஆட்கள் இருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது. போன ஞாயிறு என் கையால் ரவா லட்டு வாங்கித் தின்றவர்கள் அவர்கள்.

விடிந்து நான் தண்ணீர் பிடிக்க வந்தபோது அவள் கதவு வெளியே பூட்டியிருந்தது. இரண்டு வரிசையிலும் பச்சைக் கதவுகள் பூட்டிக் கிடந்தன. ஆட்டோ பிடித்து ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமில்லை. பெரியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி முதுகுப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு கூட்டத்தில் பேச்சுச் சத்தமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. அவளைக் கண்டுபிடித்தபோது அவள் மகள்தான் முதலில் என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்மில் இருந்தாள். வேறு நல்ல உடுப்பு எடுக்க நேரமில்லை போலிருக்கிறது.

"அத்தை, பரீட்சைக்குள்ள வந்துருவமுங்களா?" என்று கேட்டாள் அந்தப் பிள்ளை. ஊர்ப் பிள்ளைகளோடு படித்து, ஊர்ப் பிள்ளை மாதிரியே ஒவ்வொரு சொல்லுக்கும் 'ங்க' போடுவாள்.

"வந்துருவட்டி" என்றேன். அவள் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்தே இருந்தாள். "ஏ, என்னைப் பாரு. நான் உனக்குக் கெடுதல் நினைப்பனா?" என்றேன். பக்கத்தில் இருந்த ஆண்கள் எழுந்து நின்றார்கள். அவர்கள் கண்ணில் எனக்குப் பயம்தான் தெரிந்தது. என்னைப் பார்த்து, ஐந்தடி உயரத்தில் ரப்பர் செருப்பு போட்ட ஒருத்தியைப் பார்த்து, அந்த ஆண்கள் பயந்தார்கள். நான் பின்வாங்கி வந்துவிட்டேன்.

எங்கள் பகுதியில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. இதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். வீடியோ பொய் என்று தெரிந்தது, பேப்பரில் வந்தது, மைக் கட்டிய வண்டி இந்தியில் அறிவித்துக்கொண்டே போனது. ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அமைதி இருந்தால்தான் தொழில் இருக்கும், சகிப்புத்தன்மை இருந்தால்தான் நாடு வளரும் என்று ஒருவர் நன்றாகப் பேசினார். முன்வரிசையில் முதலாளிகள், பின்வரிசையில் நாங்கள். பேச வேண்டிய ஆட்கள் ஊரிலேயே இல்லை. எனக்கு அந்தச் சகிப்புத்தன்மை என்ற சொல்லே கசந்தது. சகித்துக்கொள்ளப்படுகிறவன் ஒவ்வொரு நாளும் எதிராளியின் முகத்தைப் பார்த்துத்தான் அன்றைக்குச் சிரிக்கலாமா என்று முடிவு செய்வான். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் நான் அப்படித்தான் இருந்தேன். மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

சில கம்பெனிகளுக்கு ஆட்கள் திரும்பி வந்தார்கள். எங்கள் கம்பெனிக்கு வரவில்லை. கதவில் குறி வைத்த கம்பெனி என்று பெயர் போய்விட்டது. கழுத்து தைக்க மூன்று பேரை மாற்றி மாற்றி உட்கார வைத்தார்கள். என் டேபிளில் அம்புக்கு மேல் அம்பாக ஒட்டினேன். ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போனது, அடுத்ததும் போனது. சாயங்கால டீ நின்றது. பிறகு அரை நாள் வேலை. டீக்கடையில் அன்றைக்குச் சத்தமாகப் பேசியவர்கள் இப்போது வேலை கேட்டு வாசலில் நின்றார்கள். மளிகைக் கடைக்காரர் அழுகிற தக்காளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காம்பவுண்டில் பாதி அறைகளைப் பூட்டி மாதக்கணக்காகிவிட்டது. பூட்டிய அறைகளுக்குள் எலி ஓடுகிற சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்கும். சம்பாதித்த ஊர் இது, என் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஊர். அது கண்ணெதிரே இளைப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

போன மாதம் முதலாளி மறுபடி கூப்பிட்டார். இந்த முறையும் நாற்காலி காட்டினார்.

"அம்மிணி, உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்னங்க இருக்குது? ஜார்க்கண்ட் பக்கத்துலயே ஷெட்டு குடுக்கறாங்களாமுங்க, ஆளும் அங்கயே கெடைக்கும்கறாங்க. மிஷினப் பூரா ஏத்திரலாம்னு மகன் சொல்றான். எனக்கு மனசில்லீங்க. கழுத்து தைக்கற அந்தப் புள்ள ஒருத்தி வந்தாப் போதும், மத்தவங்களும் வந்துருவாங்க. இந்த ஷெட்டு நிக்கும். நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்க. உங்க பேச்சக் கேக்குமுங்க அது."

என் பேச்சை அவள் கேட்பாள் என்று அவர் நம்பினார். அன்று நான் கத்தியதைக் கேட்ட காம்பவுண்டுக்காரர்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஸ்டிக்கரை ஒட்டியது வாட்ச்மேன் என்றுதான் ஊரில் பேச்சு. நான் அதைத் திருத்தியதே இல்லை. அன்றும் திருத்தவில்லை. நாற்பது தமிழ்க் குடும்பத்தின் சோறு என் போனில் இருந்தது. அவர் எதிரிலேயே கூப்பிட்டேன்.

நிறைய நேரம் அடித்தது. எடுத்தது மகள்.

"யாருங்க? ... அத்தைங்களா?"

குரல் கொஞ்சம் வளர்ந்திருந்தது. தமிழ் அப்படியே இருந்தது. பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "அம்மாகிட்டக் குடுட்டி" என்றேன்.

மிஷின் நின்றது. பிள்ளை இந்தியில் ஏதோ சொன்னாள். அவள் குரல் கேட்டது, தாழ்வாக, இரண்டே சொல்.

"அம்மா ஊட்ல இல்லீங்க, அத்தை" என்றாள் பிள்ளை.

முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். அவருக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று தோன்றியது.

"சரி, அம்மா வந்ததும் சொல்லு. அந்த அம்பை ஒட்டினது தப்பு. ஒட்டிட்டுக் கத்தினது அதைவிடத் தப்பு. அத்தை மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லலை."

பிள்ளை அதையெல்லாம் அந்தக் கணமே இந்தியில் சொல்லத் தொடங்கினாள். ஒரு வாக்கியமும் விடாமல் சொன்னாள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அது சரியாகத்தான் இருந்தது. நான் காத்திருந்தேன். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது, ஒரே சீராக, கழுத்து தைக்கிற வேகத்தில்.

"அம்மா ஒண்ணுஞ் சொல்லலீங்க, அத்தை" என்றாள் பிள்ளை.

போனை வைத்தேன். வர மாட்டாள் என்று முதலாளியிடம் சொன்னேன். "சரிங்க" என்றவர், மிஷின் ஏற்ற லாரிக்காரனுக்குப் போன் போட்டார்.